கையெழுத்து சாட்சி சொல்லும்!

துப்பாக்கிகள் முழங்கின. ஏறத்தாழ 30 நொடிகள், ஏறத்தாழ 30 குண்டுகள், மூன்று பிணங்கள்!

1881ஆம் ஆண்டு அக்டோபர் 26. அமெரிக்காவின் அரிசோனா நிலப்பரப்பிலே, வெள்ளிச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர் டூம்ஸ்டோன். கல்லறைக் கல் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அவ்வூரின் வெற்று மனையொன்றில், ஏர்ப் உடன்பிறந்தார் மூவரும் அவர்தம் நண்பர் டாக் ஹாலிடேயும் ஒருபுறம் நின்றனர். கிளாண்டன், மெக்லாரி குடும்பத்தினர் மறுபுறம் நின்றனர். புகை அடங்கியபோது மெக்லாரி உடன்பிறந்தார் இருவரும் பில்லி கிளாண்டன் என்னும் இளைஞனும் வீழ்ந்து கிடந்தனர். அந்த 30 நொடியை வைத்து எழுதப்பட்ட நூல்கள் எத்தனை! எடுக்கப்பட்ட படங்கள் எத்தனை! 1955 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடராகவே ஓடிற்று ஒருவரின் புகழ். அவர்தாம் வயட் ஏர்ப். அஞ்சாத நெஞ்சர், அறம் தவறாத காவலர் என்றெல்லாம் பாராட்டப்பட்டவர்.

அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நம் மாணவன் ஒருவன் வகுப்பிலே எழுந்து கேட்டான்: "ஐயா, அவர் உண்மையிலேயே நல்லவர்தானா?"

நாம் சொன்னோம்: "அவருடைய தந்தை போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம், தம்பி."

வகுப்பு சிரித்தது. மகனைப் பற்றிக் கேட்டால் தகப்பன் கையெழுத்தைக் காட்டுகிறாரே இவர் என்று சிரித்தது. சிரித்த பிள்ளைகளுக்கு அன்று மணியடிக்கும் வரை சொன்னதையும், சொல்ல நேரமில்லாமற் போனதையும் இங்கே எழுதுகின்றோம்.

வீரர் பிறந்த விதம்

அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் குடியேறிய வெள்ளையர் தலைமுறை தலைமுறையாக மேற்கு நோக்கி நகர்ந்தனர். அவர்கள் குடியிருப்பு முடிந்து தொல்குடி மக்களின் நிலம் தொடங்கும் ஓரத்தை எல்லைப்புறம் என்றனர். அந்த ஓரம் ஓரிடத்தில் நில்லாமல் ஆண்டுதோறும் மேற்கே ஓடிற்று. இனி எல்லைப்புறக் கோடு என ஒன்றைக் காட்ட இயலாது என்று 1890ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு அறிவிக்கும் வரை ஓடிற்று.

எல்லைப்புறம் மறைந்தது, எல்லைப்புற வீரர் மறையவில்லை. கென்டக்கிக் காட்டுக்குள் வழி கண்ட டேனியல் பூன், அலமோ கோட்டையில் மாண்ட டேவி கிராக்கெட், அதே கோட்டையில் மாண்ட கத்தி வீரர் ஜிம் போவி, கொள்ளையராக இருந்தும் பாட்டில் ஏறிவிட்ட ஜெஸ்ஸி ஜேம்ஸ், காவலர் வயட் ஏர்ப் எனப் பெயர்கள் வளர்ந்தன. வேட்டைக்காரர் வித்தகராயினர், சுட்டவர் சூரராயினர். மலிவு விலைக் கதைப்புத்தகம் முதலில் எழுதிற்று. மேடை நாடகம் நடித்தது. திரைப்படம் முடி சூட்டிற்று. ஒரு மனிதன் செத்த பிறகு அவனைச் சுற்றிக் கதை வளருவது நமக்குப் புதிய செய்தியா? கதை வளர்ந்து கற்சிலையாகி, கற்சிலை கேள்வி கேட்போரை முறைத்துப் பார்ப்பதும் புதிய செய்தியா?

அந்தச் சிலைகளுக்கு நடுவேதான், ஆரவாரமின்றி, ஒரு கூட்டம் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் பழைய பத்திரங்களைத் திரட்டுவோர். வீரரின் கையெழுத்து கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதன் விலை செல்வர்க்கே எட்டும். ஆகவே வீரரின் தந்தை, தாய், மனைவி, அண்ணன், தம்பி ஆகியோர் கையெழுத்திட்ட பத்திரங்களைத் தேடுகின்றனர். நில விற்பனைப் பத்திரம், பிணைச் சீட்டு, திருமணச் சான்று, உயில், வழக்கு மனு, சாட்சிக்கு அழைப்பாணை, இறந்தவர் உடைமைப் பட்டியல் ஆகியவையே அவர்கள் தேடும் செல்வம்.

ஏன் சட்டப் பத்திரம்? காரணம் எளிது. எல்லைப்புறத்து மக்களிலே கடிதம் எழுதாதவர் உண்டு. நாட்குறிப்பு எழுதாதவர் மிகப் பலர். ஆனால் நிலம் வாங்காதவர், மணம் முடிக்காதவர், கடன்படாதவர், சாகாதவர் உண்டோ? அந்த நாலு வாயிலிலும் ஓர் எழுத்தர் மைக்கூட்டுடன் அமர்ந்திருந்தார். வேறெங்கும் பதியாத வாழ்க்கை அங்கே பதிந்தது. புகழ் பாடுவதற்கென எழுதியதல்ல அந்தத் தாள். காசுக்கும் காணிக்கும் கணக்குக்கும் எழுதியது. அதனாலேயே அதற்கு மதிப்பு.

தந்தையின் தாள்

ஏர்ப் குடும்பத்துக்கு வருவோம். தந்தை நிக்கோலஸ் ஏர்ப் 1813இல் பிறந்து 1907இல் மறைந்தவர். மிசௌரி மாநிலத்தின் லமார் என்னும் சிற்றூரில் அவர் ஊர்க்காவலர். 1869இல் அப்பதவியை விட்டு, சிறு வழக்குகளைத் தீர்க்கும் அமைதி நடுவரானார். அவர் விட்ட காவலர் பதவிக்கு வந்தவர் யார்? அவர் மகன் வயட்! அடுத்த சனவரியில், 1870இல், வயட் ஏர்ப் உரில்லா சதர்லாந்து என்னும் பெண்ணை மணந்தார். மணம் செய்துவைத்த அமைதி நடுவர் யார்? தந்தை நிக்கோலஸ்! அவ்வாண்டு நவம்பரில் காவலர் தேர்தல் நடந்தது. வயட்டை எதிர்த்து நின்றவர் யார்? ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் நியூட்டன்! வயட்டுக்கு 137 வாக்கு, அண்ணனுக்கு 108.

ஓர் ஊரின் காவல், தீர்ப்பு, தேர்தல் மூன்றும் ஒரே வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்த காட்சியைக் காண்கின்றோம். எந்தப் படமும் இதைக் காட்டவில்லை. காட்டியவை நிக்கோலஸ் நடுவராக ஒப்பமிட்ட தாள்களும் ஊர்ப் பதிவேடும்தாம்.

அத்தோடு நின்றதா? மணமான அவ்வாண்டே உரில்லா இறந்தாள். வாங்கிய வீட்டு மனையை வயட் விற்றார். 1871 மார்ச்சு 14இல் பார்ட்டன் மாவட்டம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. என்ன குற்றச்சாட்டு? ஊரிலே வசூலித்த உரிமக் கட்டணத்தைக் கணக்கில் ஒப்படைக்கவில்லை என்பது. அந்தப் பணம் எதற்குரியது? பள்ளிக்கூடத்துக்குரியது! பிள்ளைகள் படிப்புக்குரிய பணம் காவலர் கையிலே காணாமற் போயிற்று என்று மாவட்டமே நீதிமன்றம் ஏறியது. கரும்பலகைக்குச் சாயம் பூசவும் கணக்குக் கேட்கப்படும் தொழிலில் இருக்கும் நமக்கு, டூம்ஸ்டோன் துப்பாக்கியைக் காட்டிலும் இந்த வழக்கு உரத்து ஒலிக்கிறது.

மார்ச்சு 31இல் இரண்டாவது வழக்கு வந்தது. ஜேம்ஸ் கிராம்வெல் என்பவர் தொடுத்தது. தீர்ப்புப் பணம் வசூலான கணக்கை வயட் திருத்தி எழுதினார் என்றும், அதனால் தம் புல்வெட்டும் இயந்திரம் பறிமுதலாகி 38 டாலருக்கு விற்கப்பட்டது என்றும் முறையிட்டார். ஏப்பிரலில் மூன்றாவது அடி. தொல்குடி மக்களுக்கென ஒதுக்கிய நிலப்பரப்பில் குதிரை திருடியதாக வயட்டும் வேறிருவரும் கைதாயினர். அவ்விருவருள் ஒருவரின் மனைவி, தன் கணவனுக்குக் குடிக்கக் கொடுத்து, அச்சுறுத்தி இதில் இழுத்துவிட்டனர் என்று ஆணையிட்டு வாக்குமூலம் தந்தாள். விசாரணை முடியுமுன்னே வயட் அவ்விடம் விட்டு நீங்கினார். தீர்ப்பு வரவேயில்லை.

வயட் 1929இல் மறைந்தார். 1931இல் வெளிவந்தது ஸ்டூவர்ட் லேக் எழுதிய வரலாறு. பிற்காலப் படங்களுக்கெல்லாம் தாய்வீடு அந்நூலே. லமார் வழக்குகள் அதில் இடம்பெறவில்லை. வயட் சொல்ல விரும்பாததை நூல் சொல்லவில்லை. நூல் சொல்லாததை ஊர்ப்பதிவகத்துத் தாள் சொல்லிற்று.

நாம் நீதி தவறலாகாது. வழக்குத் தொடுப்பது வேறு. குற்றம் மெய்ப்படுவது வேறு. குதிரைத் திருட்டு வழக்கில் உடன் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் விடுதலையானார். ஆகவே வயட் திருடர் என்று நாம் எழுதவில்லை. அவர் மாசற்றவர் என்று எழுதவும் இடமில்லை என்கின்றோம். சிலையை உடைப்பது எளிது. சிலைக்குள் இருந்த மனிதனை அளந்து காட்டுவதே கடிது. பகுத்தறிவு கேட்பது இரண்டாவது வேலையை.

ஏடும் பொய் பேசும்

இந்த இடத்தில் இளைஞர் ஒருவர் துள்ளி எழக்கூடும். "புராணம் பொய், பத்திரம் மெய். இனிப் பத்திரத்தை நம்புவோம்!" என்று முழங்கக்கூடும். பொறுங்கள், தோழரே! கடவுளை இறக்கிவிட்டுக் காகிதத்தை ஏற்றுவதா பகுத்தறிவு?

ஜிம் போவியின் அண்ணன் ஜான் போவி. இவருடைய பத்திரங்களைப் பார்ப்போம். 1803இல் லூசியானாப் பெருநிலத்தை அமெரிக்கா விலைக்கு வாங்கியபோது, அங்கே முன்பு ஆண்ட ஸ்பானிய அரசு தந்திருந்த நில உரிமைகளை மதிப்பதாக ஒப்புக்கொண்டது. உடனே பழைய ஸ்பானிய உரிமைகள் புதிது புதிதாக முளைத்தன! 1827 திசம்பரில் ஆர்க்கன்சா நிலப்பரப்பின் உயர்மன்றம் ஒரே மூச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்று பெர்னார்டோ சாம்பெய்ராக் என்பவருடையது. அவர் தம் உரிமையை ஜான் போவிக்கு எழுதிக் கொடுத்ததாகப் பத்திரம். ஜான் போவி அதை வேறொருவருக்கு விற்றதாக மற்றொரு பத்திரம். மை இருந்தது, கையெழுத்து இருந்தது, சாட்சி இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. சாம்பெய்ராக் என்றொரு மனிதரே இல்லை! அரசு மறு ஆய்வு கோரிற்று. 1831இல் அந்த மன்றமே தன் தீர்ப்பைப் புரட்டிற்று. 1833இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வரலாற்றாளர் இன்றும் இவற்றைப் போவி உரிமைக் கோரிக்கைகள் என்றே வழங்குகின்றனர்.

அதனினும் கொடியது ஒன்று உண்டு. போவி உடன்பிறந்தார், கடற்கொள்ளையர் லஃபீட்டிடமிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களை வாங்கினர். வாங்கியவர்களைத் தாமே சுங்க அதிகாரியிடம் ஒப்படைத்தனர். சட்டப்படி அவர்களை அரசு ஏலமிட்டது. துப்புக் கொடுத்தவர்க்கு ஏலப் பணத்தில் பாதி. அந்த ஏலத்தில் தாமே மீண்டும் எடுத்தனர். கையிலே இப்போது அரசு முத்திரையிட்ட உரிமைச் சீட்டு! கள்ளச் சரக்கு நல்ல சரக்காயிற்று. சரக்கு என்கிறோமே, மூச்சு விடும் மாந்தர்! இவ்வாணிபத்தில் 65,000 டாலர் ஈட்டியதாக ஜான் போவியே 1852இல் ஓர் இதழில் எழுதினார். நாணமின்றி எழுதினார்.

அந்த ஏலச் சீட்டு போலியன்று. முத்திரை மெய், மை மெய், கையெழுத்து மெய். ஆயினும் அது சொன்னது பொய். உண்மைப் பத்திரமே உண்மையை மறைக்கும் திரையாவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆகவே ஒரு தாளிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நீ உண்மையில் அக்காலத்துத் தாள்தானா என்பது முதல் கேள்வி. அப்படியே இருப்பினும், நீ யார் நலத்துக்காக எழுதப்பட்டாய் என்பது இரண்டாவது.

முதல் கேள்வியைக் கேட்கத் தவறினால் என்ன ஆகும்? மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித், எல்லைப்புறத்தோடு சேர்ந்தே மேற்கே நகர்ந்தவர். அவருடைய தாய் லூசி மேக் ஸ்மித் 1829இல் எழுதியதாக ஒரு கடிதம் 1982இல் வெளிப்பட்டது. பக்தர் மகிழ்ந்தனர்; அறிஞர் வியந்தனர். கண்டெடுத்தவர் மார்க் ஹாஃப்மன். அடுத்தடுத்துக் கண்டெடுத்துக்கொண்டே இருந்தார். வேண்டியவர்க்கு வேண்டியதெல்லாம் அவர் கைக்குக் கிடைத்தது! எழுதப் படிக்க அறியாத எல்லைப்புற வழிகாட்டி ஜிம் பிரிட்ஜரின் குறியிட்ட சீட்டுகள் வரை அவரிடமிருந்து வந்தன. ஒரு சிலுவைக் கீறலைப் போலியாக வரைவது எத்துணை எளிது!

பொய் வெளிப்படும் நாள் நெருங்கியது. 1985 அக்டோபர் 15இல் சால்ட் லேக் நகரில் குண்டுகள் வெடித்தன, இருவர் மாண்டனர். தன் பொய்யைக் காக்க ஹாஃப்மனே வைத்த குண்டுகள் அவை. ஆய்வாளர் அவர் விற்ற தாள்களை நுண்ணோக்கியின்கீழ் வைத்தனர். பழமைத் தோற்றம் வருவதற்காகச் செயற்கையாய் முதிர்வித்த மையில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. உண்மையான பழந்தாள்களின் மையில் அவ்வகை வெடிப்பு இல்லை. 1987 சனவரியில் ஹாஃப்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சமயத் தலைவர்களும் ஏமாந்தனர். சமயத்தை ஐயுற்றவர்களும் ஏமாந்தனர். காரணம் ஒன்றே. அவரவர் நம்ப விரும்பியதை அவரவர்க்கு விற்றார் ஹாஃப்மன். நம்மைப் போன்றோர் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும். நமக்கு உவப்பான சான்று கைக்கு வரும்போதுதான் நுண்ணோக்கியை முதலில் எடுக்க வேண்டும்.

தேர்ந்த திரட்டாளர் பிற கண்ணிகளையும் அறிவர். பழைய பத்திரப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் எழுத்தர் படியெடுத்தது. அதிலுள்ள பெயர் எழுத்தரின் கையே அன்றி, விற்றவர் கை அன்று. பெயர் மயக்கமும் உண்டு. டேனியல் பூனின் தந்தை பெயர் ஸ்குவையர் பூன். தம்பி பெயரும் ஸ்குவையர் பூன். ஜெஸ்ஸி ஜேம்சின் தாய் பெயர் செரெல்டா; மனைவி பெயரும் செரெல்டா, மாமியாரின் பெயரையே சூட்டப்பெற்ற உறவுப் பெண். எந்த ஸ்குவையர், எந்தச் செரெல்டா என்று ஆண்டையும் ஊரையும் வைத்தே பிரிக்க வேண்டும். தாளையும் பார்க்க வேண்டும். பழைய தாள் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது மரக்கூழ்த் தாள். 1790 என்று நாளிட்ட பத்திரம் மரக்கூழில் இருந்தால், அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை!

ஒரு சிலுவைக் கீறல்

இனி, இத்திரட்டிலே நம் நெஞ்சைத் தொட்டதைச் சொல்லுவோம்.

டேனியல் பூனின் மனைவி ரெபெக்கா. பத்துப் பிள்ளைகள் பெற்றவள். கணவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காட்டிலே அலைய, வீட்டையும் விளைநிலத்தையும் தாங்கியவள். கணவரைப் பற்றி அவர் உயிரோடிருக்கும்போதே, 1784இல், நூல் வந்துவிட்டது. அவளைப் பற்றி? நிலம் விற்கும்போது மனைவியின் ஒப்புதலும் சட்டத்துக்குத் தேவை. ஆகவே பத்திரத்தில் அவளும் வந்து நின்றாள். எழுத்தர் அவள் பெயரை எழுதினார். நடுவே அவள் தன் குறியை இட்டாள். பெயரெழுத அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

வீரம் என்றால் என்ன என்று அந்தக் கீறல் நம்மைக் கேட்கிறது. காட்டுக்குப் போனவர் கதையிலே ஏறினார்; வீட்டைக் காத்தவள் ஒரு கீறலாய் எஞ்சினாள். அந்தக் கீறலும் சட்டம் கேட்டதால் கிடைத்தது. கேளாதிருந்தால் அதுவும் இல்லை.

கீறலும் இடாதவர் உண்டு. 1787இல் லைம்ஸ்டோன் என்ற ஆற்றங்கரை ஊரில் பூன் குடும்பம் கடை நடத்திய காலத்து வரிப்பட்டியல், அவரிடம் அடிமைகள் எழுவர் இருந்ததைக் காட்டுகிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் வரி எழுதிய அதே பட்டியலில் எழுவர் என்ற எண்! அவர்கள் கையெழுத்து எந்தத் தாளிலும் வேண்டப்படவில்லை. அவர்களே தாளில் எழுதப்பட்ட உடைமை.

கையெழுத்திட மறுத்தவரும் உண்டு. 1775 மார்ச்சில் சைக்கமோர் ஷோல்ஸ் என்னுமிடத்தில், ரிச்சர்டு ஹெண்டர்சன் என்ற நில வணிகர் செரோக்கி மக்களின் தலைவர்களிடம் ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் நிலத்தை வாங்குவதாக ஒப்பந்தம் செய்தார். பூன் அவருக்காகவே வழி வெட்டியவர். மூத்த தலைவர் அட்டக்குல்லக்குல்லா ஒப்புக்கொண்டார். அவர் மகன் டிராகிங் கனூ எதிர்த்து நின்றார்; பின்னர் ஆண்டுக்கணக்கில் போரிட்டார். அப்பத்திரத்தில் தந்தையின் இசைவு இருக்கிறது. மகனின் மறுப்புக்கு அதில் இடமில்லை. பத்திரம் என்பது இசைந்தவரின் ஏடு. இசையாதவர் குரலைக் கேட்க வேண்டுமாயின் பத்திரத்துக்கு வெளியே செவி சாய்க்க வேண்டும்.

யார் உடைமை?

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இத்தாள்கள் யாருக்குச் சொந்தம்?

1805இல் டேவி கிராக்கெட், மார்கரெட் எல்டர் என்ற பெண்ணை மணக்க டென்னசி மாநிலத்து ஜெபர்சன் மாவட்டத்தில் உரிமம் பெற்றார். பெண்ணோ வேறொருவரை மணந்துகொண்டாள்! அலமோ வீரரின் ஏமாற்றத்துக்குச் சான்றான அந்த உரிமம் நீதிமன்றத்தை விட்டு எப்படியோ வெளியேறி, தொலைவிலுள்ள புளோரிடாவில் ஒரு தனி வீட்டுக்குச் சென்றது. பழந்தாள்களைக் கழித்தபோது குப்பைக்குப் போகவிருந்ததைக் குடும்பத்தார் காப்பாற்றினர் என்பது வைத்திருந்தவர் வாதம். பொது ஆவணம் என்றும் பொது ஆவணமே என்பது மாவட்டத்தின் வாதம். இந்த நூற்றாண்டில் நடந்த அவ்வழக்கில் மாவட்டமே வென்றது.

இதற்கு முன்னோடி 1977இல் வட கரோலினா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 1767, 1768ஆம் ஆண்டுகளின் குற்றச்சாட்டுத் தாள்கள் இரண்டு, பின்னாளில் விடுதலைச் சாசனத்தில் ஒப்பமிட்ட வில்லியம் ஹூப்பர் கையெழுத்துடன் வணிகர் கைக்கு வந்திருந்தன. அவர் பணம் கொடுத்தே வாங்கினார். எனினும் நீதிமன்ற ஏடு மக்களுடையது; அரசு அதை விட்டுக்கொடுத்ததாகச் சான்று இல்லை; ஆகவே திரும்பத் தருக என்றது மன்றம்.

இருபுறமும் நியாயம் இருக்கிறது என்பதை நாம் மறைக்கமாட்டோம். அலுவலகம் குப்பையென எறிந்ததைத் தனி மனிதர் காத்த நிகழ்ச்சிகள் மெய்யே. அவர்கட்கு நன்றி உரித்து. ஆனால் நன்றி வேறு, உரிமை வேறு. பூட்டிய பெட்டியில் இருக்கும் சான்று எவருக்கும் சான்றன்று. டூம்ஸ்டோன் துப்பாக்கிச் சண்டைக்குப் பின் நடந்த பிண விசாரணையின் கையெழுத்துத் தாள்கள் நெடுங்காலம் காணாமற் போயிருந்தன. 2010இல் பிஸ்பி நகரின் பழைய சிறையறையில், பெட்டியொன்றில் அவை அகப்பட்டன. மாநில ஆவணக் காப்பகத்துக்குச் சென்றன, படியெடுக்கப்பட்டன, எவரும் படிக்கலாம் என்றாயிற்று. அதுவே முறை. விலைக்கு வாங்குவோர் வாங்கட்டும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்கட்டும். நீதிமன்றத்தின் எண்ணும் முத்திரையும் தாங்கிய தாளானால், உரிய இடத்துக்கு எழுதிக் கேட்கட்டும். படி எடுத்தாவது பொதுவில் வைக்கட்டும்.

நம் வீட்டுப் பெட்டி

வகுப்பிலே சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லி முடிப்போம்.

நம் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், போகிக்கு முதல்நாள், கிழிந்த பாயோடும் உடைந்த முறத்தோடும் அதுவும் வாசலுக்கு வந்தது. உள்ளே இருந்தவை பழங்கடிதங்கள், வரி ரசீதுகள். எரியட்டும் என்று நாமும் சொன்னோம். பழமையை எரிப்பது பகுத்தறிவு என்ற இறுமாப்பு அன்று நமக்கு இருந்தது. எறியுமுன் மேலாக இருந்த தாளைப் புரட்டினோம். அரைக்காணி நிலத்தை விற்ற பத்திரம். விற்றவள் நம் பாட்டி. இன்னார் மனைவி என்று எழுதி, கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் பதிவு.

அவளுக்கு நிழற்படம் இல்லை. அவள் எழுதிய எழுத்து ஒன்றுமில்லை. அவளைப் பற்றிப் பேச வீட்டில் நேரமுள்ளவர் எவருமில்லை. அவள் இவ்வுலகில் இருந்தாள் என்பதற்கு அந்த ஊதா ரேகை ஒன்றே சாட்சி. அதையும் நம் கையாலேயே தீயிலிட இருந்தோம்.

ரெபெக்கா பூனின் கீறலைப் பார்த்தபோது நமக்கு ஏன் நெஞ்சம் குலுங்கிற்று என்பது இப்போது விளங்குமன்றோ?

இளைஞர்களே! எரிக்க வேண்டியவை மடமையும் அடிமைத்தனமும். அவை நடந்தன என்பதற்குரிய சான்றுகள் அல்ல. சான்று எரிந்தால் கொடுமை செய்தவனுக்கே கொண்டாட்டம். நடக்கவே இல்லை என்று நாளை சாதிப்பான். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விற்ற பத்திரம், அடகுச் சீட்டு, பாகப்பிரிவினை, நோட்டுக் கடன் என எது இருந்தாலும் படித்துப் பாருங்கள். யார் கையெழுத்திட்டார், யார் கைநாட்டு வைத்தார், யார் பெயரே இல்லாமல் விடப்பட்டார் என்று குறித்து வையுங்கள். வீட்டு முதியவர் உயிரோடிருக்கும்போதே அப்பெயர்கள் யாருடையவை என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட மாணவன் மறுவாரம் நம் மேசைமீது ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். அவன் வீட்டுப் பழைய பத்திரத்தின் படி. கீழே நான்கு கைநாட்டுகள். ஒவ்வொன்றின் அருகிலும் தன் கையெழுத்தில், கேட்டறிந்த பெயரை எழுதியிருந்தான். மூன்றுக்குப் பெயர் இருந்தது. நான்காவதன் அருகே ஒரு கேள்விக்குறி.

"இதை மட்டும் யாருக்கும் தெரியவில்லை, ஐயா. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டான் என்று மகிழ்ந்தோம்.